ஆடாத மயில்

ஞாயிறு, இரவு.

அக்கா மகள் ரோஸிக்கு ஐந்து வயது. வளர்க்க ஒரு நாய் வேண்டும் என்று ஒரே அழுகை. நாய் வந்தால் வீட்டு ஓனர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். பிராணி விஷயத்தில் இந்த நீலசந்திரா ஏரியாவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புலியே என்னைப் பார்த்து வாலாட்டியிருக்கிறது. அதனால் காலையில் நானே போய்க் கூடைக்காரனிடம் நீலச் சாயம் போட்ட கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்தேன்.

வெறும் கோழி என்றால் பிள்ளை முகம் சுண்டிப்போகும். "இது மயில் குஞ்சுடா கண்ணு. மழை வந்தா ஆடும்" என்றேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

சாயங்காலம் வரை மழை வரவில்லை. அவளே பாத்ரூமில் வைத்து அதன்மேல் தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறாள். நான் ஓடுவதற்குள் சாயமெல்லாம் கரைந்து, குஞ்சு கால் மடங்கிக் கிடந்தது.

"ஆட மாட்டேங்குது மாமா."

"கொழந்தகிட்ட இன்னாடா சொல்லி வெச்ச?" என்று அக்கா கத்தினாள்.

துடைத்து, அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்கவைத்து, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன். யானைக்கே வைத்தியம் பார்த்த கை இது. ஆனாலும் குஞ்சு கண் திறக்கவில்லை.

தூங்கப் போகும்போது ரோஸி, "மயிலுக்கு என் மேல கோவமா மாமா?" என்றாள்.

"சேச்சே. நீ பாக்காதப்ப ஆடிச்சு. அந்தக் களைப்பு."

நம்பிவிட்டாள். காலையில் எழுந்ததும் நேராகப் பெட்டியிடம்தான் வருவாள். கரண்ட் மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு கால் லேசாக அசைந்தது.

நிஜமாகவே அசைந்தது.