உயர வரிசையில் நின்ற கற்களும் என் தாத்தா இருக்கும் இடமும்

அனுப்புநர்:
'ஏணி'யின் பேரன்,
மெய்ப்புத் திருத்துபவர்,
அச்சகத்தின் மேல்மாடி,
பேருந்துப் பணிமனைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பொது இடுகாட்டில் என் தாத்தா அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் கண்டறிந்து தரவும், அதுவரை இடுகாட்டின் பின்பகுதியில் குழி தோண்டாதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நமது பொது இடுகாட்டிலுள்ள கற்களை உயர வரிசைப்படி நிறுத்துவது என்று இடுகாடு அழகுபடுத்தும் குழு சென்ற மாதம் ஒருமனதாகத் தீர்மானித்தது. குட்டைக் கற்கள் முன்னால், நெட்டைக் கற்கள் பின்னால் என்ற தெளிவான நிலையைக் குழு நீண்ட ஆலோசனைக்குப் பிறகே எட்டியதாக அறிகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று வாயிற்பலகையில் ஒட்டிய அறிவிப்பு சொல்கிறது. அது உண்மைதான்.

2. தீர்மானம் உடனே நிறைவேற்றப்பட்டது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எல்லாக் கற்களையும் பிடுங்கி, கழுவி, வெள்ளையடித்து, நாடாவால் அளந்து, முன்பகுதியில் நெருக்கமாக நட்டார்கள். எந்தக் கல் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. அவர்களிடம் கொடுத்த வேலை கற்களைப் பற்றியது. கீழே இருப்பவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்கிறது.

3. என் தாத்தா வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். உட்கூரைக்கும் ஏணி போடாமல் கை எட்டும் உயரம் என்பதால் ஊரில் அவருக்கு 'ஏணி' என்றே பெயர். ஆயுள் முழுக்க வாசல் நிலைகளில் தலையை இடித்துக்கொண்டவர் என்பதால், தனக்கு வைக்கும் கல் யாரையும் இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படி முழங்காலுக்கும் கீழே நிற்கும் கல் வைத்தோம். இப்போது அது முதல் வரிசையில், இடப்பக்கக் கடைசியில் இருக்கிறது. கல் மட்டும். அதன் கீழே இருப்பவர் யாரென்று தெரியவில்லை.

4. இடுகாட்டு மேற்பார்வையாளரை அணுகினேன். மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார், விசிறியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "யாரு எங்க இருந்தா என்ன சார், எல்லாரும் உள்ளதானே இருக்காங்க. ஒருத்தரும் வெளிய போயிடல" என்று ஆறுதல் கூறினார். பணிக்கு முந்தைய நிலையைக் காட்டும் புகைப்படம் ஒன்று உண்டென்று சொல்லி எடுத்துக் காட்டினார். அதில் குழு உறுப்பினர்கள் அனைவரும் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கற்கள் இருந்திருக்கலாம்.

5. ஐயா, இதனால் எனக்கு நேர்ந்த இடையூறு சிறிதே. என் தந்தைக்கு நேர்ந்தது அப்படியல்ல. அவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். வீட்டில் அதிகம் பேசாதவர். வாரந்தோறும் இடுகாட்டுக்குப் போய், தாத்தாவின் கால்மாட்டில் நின்று, வீட்டில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வருவார். என் தங்கையின் திருமணம் முறிந்ததைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் பேசாதவர், அங்கே அரை நாள் நின்று பேசியதைப் பார்த்தவர்கள் உண்டு. கற்கள் இடம் மாறிய பிறகும் வழக்கம்போல் போனார். முதல் வரிசையைத் தேடி நின்றார். வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார். ஏனென்று கேட்டதற்கு, "அடியில இருக்கறது யாரோட அப்பாவோ. அவருக்கு எதுக்குடா நம்ம வீட்டு விஷயம்?" என்றார். அதன் பிறகு அவர் தாமாக அங்கே போகவில்லை. வீட்டிலும் முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறார். இரவில் சாப்பிட மறுக்கிறார். மருத்துவர் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்.

6. பழைய இடத்தை நினைவிலிருந்து காட்டும்படி தந்தையையும் அத்தையையும் அழைத்துச் சென்றேன். தண்ணீர்க் குழாயில் கைகழுவிவிட்டுத் திரும்பினால் தாத்தாதான் என்பது தந்தையின் கணக்கு. அழகுபடுத்தலில் அந்தக் குழாயும் எடுக்கப்பட்டுவிட்டது. அத்தை பின்சுவரின் உடைந்த மூலையிலிருந்து கணக்கிடுகிறார். "இவன் குழாயைத் தேடினா வேலிக் கம்பத்தைத்தான் புடிச்சிட்டு நிப்பான், பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்" என்று தம்பியைப் பற்றி அங்கிருந்த எல்லோரும் கேட்கும்படி சொன்னார். இருவர் காட்டிய இடங்களுக்கும் நடுவே ஒரு பேருந்தை நிறுத்தலாம். ஆயினும் இரண்டுமே பின்பகுதியில்தான் இருக்கின்றன. இவர்கள் இருவரும் ஒரே திசையில் கை நீட்டியதை நான் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். ஆகவே அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று பணிவுடன் கருதுகிறேன்.

7. கவலைக்குரியது இனிதான் வருகிறது. கற்கள் அனைத்தும் முன்னால் நெருங்கி நின்றுவிட்டதால் பின்பகுதி வெறுமையாகத் தெரிகிறது. அதைக் 'காலி இடம்' என்று அறிவித்து, ஊரின் இடப் பற்றாக்குறை தீர்ந்துவிட்டதாகத் தங்கள் அலுவலகம் மகிழ்ச்சி தெரிவித்துள்ளது. இந்த வாரம் முதல் அங்கே புதிய குழிகள் தோண்டப்படும் என்கிறார்கள். ஐயா, அந்த இடம் காலியாக இல்லை. அங்கே என் தாத்தா இருக்கிறார். அவரைச் சுற்றி எங்களுக்குத் தெரியாத பலரும் இருக்கிறார்கள்.

8. எனவே, பின்பகுதியில் தோண்டுவதை உடனே நிறுத்தவும், கற்களைப் பிடுங்கிய ஆட்களையும் அங்கே உறவினரை அடக்கம் செய்த குடும்பங்களையும் ஒன்றாக வரவழைத்து, அவரவர் நினைவை ஒப்பிட்டுப் பழைய இடங்களை அடையாளமிடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்லைப் பழைய இடத்தில் நடும்படிகூட நாங்கள் வற்புறுத்தவில்லை. அது நின்ற இடத்திலேயே அழகாக நிற்கட்டும். என் தந்தை கேட்பது இவ்வளவுதான்: "எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு மட்டும் சொல்லச் சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நானும், பேசுவதற்கு இடத்தை எதிர்பார்த்து என் தந்தையும் காத்திருக்கிறோம்.

இடம்: நகராட்சி அலுவலகம், மனு வாங்கும் சன்னலுக்கு வெளியே
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
'ஏணி'யின் பேரன்

பின்குறிப்பு: சன்னல் திறக்கக் காத்திருந்தபோது அத்தை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே கையால் சேர்க்கிறேன். இன்று காலை பின்பகுதியில் முதல் குழி தோண்டினார்கள். எலும்பு தென்பட்டதால் அதை மூடிவிட்டு, இரண்டடி தள்ளித் தோண்டினார்கள். அதில் நண்பகலில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டார்கள்.