ஈயம் இழைத்த நாட்கள்

மார்ச் 4
பின்கட்டுக் கொட்டகையில் மைத்துனனும் நானும் கட்டும் விமானம் முடிந்துவிட்டது, ஈயம்தான் பாக்கி. மேலும் கீழும் அசையும் வால் மடலில் கீலுக்கு முன்பக்கம் எடை கட்டாவிட்டால், வேகத்தில் மடல் படபடத்துப் பிய்த்துக்கொண்டு போகும். நாலு வருடமாக எடையைக் குறைக்கப் பாடுபட்டவர்கள், இப்போது கடையில் ஈயக்கட்டி பொறுக்குகிறோம்.
முதலில் ஓட்டுவது யார் என்று மைத்துனனும் நானும் பூவா தலையா போட்டோம். எனக்கு விழுந்தது. "வயசுக்கு மரியாதை குடுத்து விட்டுட்டேன் மாமா" என்கிறான். மரியாதை கொடுத்தது நாணயம்.

மார்ச் 6
மகள் வந்திருக்கிறாள். ஐந்தாம் மாதம், மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். மனைவி பின்கட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.
"ஈயத்தூசி வயித்துப் புள்ளைக்கு ஆகாதாம். தெரியுமில்ல?"
தெரியும். ஆகவே சட்டம் இயற்றினேன்: மின்கருவி கூடாது. எண்ணெய் விட்டுக் கைரம்பத்தால் அறுப்பது, தச்சர் இழைப்புளியால் வடிவம் கொடுப்பது. முகமூடி, கையுறை. சட்டையைக் கொட்டகையிலேயே மாற்றி, வெளிக்குழாயில் குளித்த பிறகே வீட்டுக்குள். சீவல் விழ ஈரச் செய்தித்தாள். தலையங்கப் பக்கம் இன்றுதான் கனமான விஷயத்தைத் தாங்கியது.

மார்ச் 9
இழைப்புளியில் ஈயம் சுருள் சுருளாக வருகிறது, தூசியே இல்லை. ஒரு கட்டிக்கு ஒரு நாள்.
"மாமா, நீங்க செய்யறது ஏரோப்ளேனா, தோடா?"

மார்ச் 10
இரண்டாம் கட்டி. தோள் வலி.

மார்ச் 12
பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்தால், தெருமுனையிலேயே கிரைண்டர் சத்தம். மிச்சமிருந்த இரண்டு கட்டிகளையும் மைத்துனன் தேய்த்துக்கொண்டிருந்தான். காற்றோட்டத்துக்காகக் கதவை வேறு திறந்து வைத்திருந்தான். காற்று நன்றாகவே ஓடியிருக்கிறது — துணிக்கொடிப் பக்கம். அங்கே மகள் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.
"பத்தே நிமிஷம் மாமா! பாருங்க."
பாத்தேன். போய் பிளக்கைப் பிடுங்கினேன். சட்டம் போட்டவன் கிரைண்டரைப் பூட்டி வெச்சிருக்க வேண்டாமா?

மார்ச் 13
ஈரத்துணியால் கொட்டகை முழுவதையும் துடைத்தோம். அவன் தரை, நான் சுவர். மாலை மகளுக்கு ரத்தப் பரிசோதனை.

மார்ச் 17
முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. "பதறாதீங்க. தூசி மறுபடி கிட்ட வராம பாத்துக்குங்க. ஒரு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கலாம்" என்றார் மருத்துவர். பதறவில்லை. சாப்பிடவும் இல்லை.
"நான் வேணா கிளம்பிடறேம்பா. உங்க நாலு வருஷ வேலை என்னால நிக்க வேணாம்" என்றாள் மகள்.
மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நீ எதுக்குடி போகணும்? போறதுக்குன்னுதானே அதுக்கு றெக்கை வெச்சிருக்காங்க. அது போகட்டும்."

மார்ச் 19
இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றினோம். விமானம் தரைவழியாக ஓடுதளத்துக் கொட்டகைக்குப் போனது. மைத்துனனும் கூடவே. அவன் அக்காள் வெளியே வரவில்லை.
"அக்காவுக்கு எம்மேல கோவம் தீருமா மாமா?"
"அடுத்த ரிசல்ட் வரட்டும்டா."

மார்ச் 28
மகள் நிறைய தூங்குகிறாள். நான் நிறைய படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை.

ஏப்ரல் 16
மைத்துனன் தொலைபேசியில் அழைத்தான். எடை கட்டி, வண்ணம் பூசி, மறுபடி சமநிலை பார்த்துவிட்டான். மடல் கிடையாக நிற்கிறது. விமான ஆய்வாளர் கையெழுத்திட்டுவிட்டார். நாளைக் காலை காற்று இருக்காது, பறக்கலாம்.
"நீங்கதான் மொதல்ல. வந்துடுங்க."
நாளைக் காலைதான் மகளுக்கு மறுபரிசோதனை.
"நீ ஓட்டு."
"நெஜமாவா? மாமா... நெஜமாவா?"
மூன்றாம் முறை கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17
ஆஸ்பத்திரி பெஞ்சில் மூவரும். ரத்தம் கொடுத்து, அன்றே தரச் சொன்ன முடிவுக்குக் காத்திருந்தோம். மதியத்துக்கு முன் மருத்துவர் கூப்பிட்டார். இறங்கிவிட்டது, இனி பயமில்லை. மகள் பசிக்கிறது என்றாள்.
வாசலுக்கு வரும்போது மைத்துனன் அழைத்தான். "எறங்கிட்டேன் மாமா! மடல் ஆடவே இல்ல!"
நானும் முடிவைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.
"சாப்பிட வீட்டுக்கு வா. சட்டைய அங்கேயே மாத்திட்டு வா."