கறுப்பு இல்லாத கயிறு

செவ்வாய், இரவு.

இயற்பியலில் பாஸ் ஆவேனா என்றே தெரியவில்லை. மின்தடையின் நிறக் குறியீடு மறக்காமலிருக்க, பட்டு நூல் துண்டுகளை வரிசையாகக் கயிற்றில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருந்தேன். கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று ஒன்பதுவரை. கறுப்பை மட்டும் அம்மா கட்டவிடவில்லை.

"தறியில முகூர்த்தப் பொடவை இருக்குதும்மா, கறுப்பு வேணாம். பூஜ்யம்தானே, மனசுல வெச்சிக்கோ."

தேர்வறையில் அந்தக் கயிறு அப்படியே கண்முன் வந்தது. முதல் நூல் பழுப்பு. அதையே பூஜ்யம் என்று எண்ணிவிட்டேன். கணக்கு மொத்தமும் தப்பு. எனக்கு உருப்படியாகத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான்.

"நூலு கை குடுத்துதா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது கயிற்றை அவிழ்க்கப் போனால் விடமாட்டேன் என்கிறாள்.

"ராசியான கயிறும்மா. தங்கச்சிக்கு ஆவும்."