பத்து விநாடியில் முந்நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உடம்புகள்தான் நலம், வீடு நலமாக இல்லை. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரை படி.

உன் தங்கையின் இயற்பியல் கூத்தைக் கேள். ஓய்வு நிலையிலிருந்து புறப்படும் பேருந்து, விநாடிக்கு விநாடி இரண்டு மீட்டர் வேகம் கூடிக்கொண்டே பத்து விநாடி ஓடினால் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு கணக்கு. படித்த அண்ணன் ஒருவன் இருக்க, இவள் போய் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவரிடம் பஸ் கணக்கைக் கேட்டால் சும்மா இருப்பாரா? ஓய்வுன்னா கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டு டீ குடிக்கிற நேரம், எங்களுக்குப் பத்து நிமிஷம், அதையும் சேர்த்துத்தான் போடணும், இல்லேன்னா டைம்கீப்பர் விடமாட்டான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இவளும் அறுநூற்றுப் பத்து விநாடி என்று போட்டுப் பெருக்கி, முந்நூற்று எழுபத்திரண்டு கிலோமீட்டர் என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறாள். டீச்சர் அதை வகுப்பில் சத்தமாகப் படிக்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, இப்போது இவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வண்டி அசையாமல் நிற்கிறது, ஆரம்ப வேகம் பூஜ்ஜியம், அதுதான் ஓய்வு நிலை என்று நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்து எனக்கே புரிந்துவிட்டது. உன் அப்பா மட்டும், அந்த டீச்சர் பஸ்ஸே ஏறினதில்லை போல என்கிறார்.

போன மாதம் நீ சொல்லிக்கொடுத்தது மட்டும் என்ன வாழ்ந்தது? கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை உதறு, அலை தெரியும் என்று ஒற்றை வரி அனுப்பினாய். எந்தக் கயிறு என்று சொன்னாயா? துணி காயப்போட்ட கொடியை உதறினாள். அப்பாவின் சட்டை கீழ்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அலைதான் நகரும், கயிறு நகராது என்பது பாடமாம். துணி நகரும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. கீழ்வீட்டுக்காரம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

நீ சிரிப்பாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இயற்பியல் பரீட்சையில் தோற்றுப்போனதால் பன்னிரண்டாம் தேதி மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் அறிவியல் பிரிவிலிருந்து மாற்றிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பழுதான மிக்சியை அக்கக்காகக் கழற்றி ஓட வைத்த பெண், மாத்தினா மாத்தட்டும்மா, எனக்கு மண்டையில ஏறாது என்கிறாள். அண்ணனைக் கேட்டிருக்கலாமே என்று திட்டினேன். போனை என் கையில் கொடுத்தாள். ஓய்வு நிலைன்னா என்னண்ணா என்று முதலில் உன்னைத்தான் கேட்டிருக்கிறாள். இதுகூடத் தெரியாம எப்படி இந்த வகுப்புக்கு வந்தே, நானெல்லாம் ஒரு தடவை படிச்சாலே போதும் என்று நீ பதில் போட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு அவள் உன்னை எதுவும் கேட்கவில்லை. நீயும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு தடவை படித்தவனே, அதே வகுப்பில் அதே பாடத்தில் நூற்றுக்குப் பதினேழு வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்மா என்று அடுப்படியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது யார்? அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் மார்க் அட்டையில் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இத்தனை வருஷம் மூச்சு விடவில்லை. நீ பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவன் என்று அவள் நினைத்துக்கொண்டு, தன்னை மக்கு என்று முடிவு கட்டியிருக்கிறாள். கணக்கை அப்புறம் சொல்லிக்கொடு. முதலில் அவளைக் கூப்பிட்டு அந்தப் பதினேழைச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாயிருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். பத்தாம் தேதி வரை பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லவில்லையென்றால் நானே சொல்லிவிடுவேன், அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
அன்று கையெழுத்துப் போட்ட உன் அம்மா