வெள்ளைத் திரையில் ஒரு கிணறு

செவ்வாய்க்கிழமை.

கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்த அஞ்சலை இன்று எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். இழப்பீட்டுப் பட்டியலில் அவருடைய கிணறு இல்லை. நாளை விசாரணை. அந்த ஊரில் சிக்னல் கிடைக்காது என்பதால், இணைய வரைபடத்தின் வான்படத்தை எங்கள் பத்திரிகைச் செயலியில் முன்பே இறக்கி வைத்திருந்தோம். கிணறு இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

செயலியைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் நான் குறித்த புள்ளி மட்டும் நின்றது. வரைபடத்தை இணையத்தில் பார்க்கலாம், சேமித்து வைக்க உரிமம் கிடையாது என்று வரைபட நிறுவனம் கடிதம் அனுப்பியதாம். எங்கள் செயலியைப் பார்த்துக்கொள்பவர்கள் போன வாரமே சேமித்த படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இணையத்தில் தேடினேன். அங்கே புதுப் படம் வந்துவிட்டது. கிணறு இருந்த இடத்தில் சுரங்கப் பள்ளம்.

“இன்னாங்க, கெணத்தக் காணோம்?”

“படத்த போன்ல வச்சிக்கக் கூடாதுன்னு அழிச்சிட்டாங்கம்மா.”

“எங்கெணத்தப் படம் புடிக்க அவுங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தாங்க?”



கிணற்றை மூட இயந்திரம் வந்த அன்று, ஒரு போட்டோ எடுத்து வைக்கட்டுமா என்று அஞ்சலை என்னைக் கேட்டார். செயலியிலேயே இருக்கிறது, எதற்கு என்றேன். இன்று அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மறந்திருக்க மாட்டார்.