கிடங்கில் பூட்டிய வெயில்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் சுகாதார நிலையத்தை இருட்டில் தள்ளியது நீதான். "நோய் அடங்கும்வரை வளர்ச்சிப் பணிகள் நிறுத்தம்" என்ற உத்தரவின் அடியில் உன் கையெழுத்து. அந்தக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? பயிற்சி முடித்த நாங்கள் நான்கு பெண்கள் கூரையில் மாட்டவேண்டிய சூரியத் தகடுகள் உங்கள் திட்டத் துறையின் கிடங்கில் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே பாதி நாள் மின்சாரம் இல்லை. தடுப்பூசி வந்தால் குளிர்பெட்டி ஓடாது, மருந்து கெட்டுப்போகும். "உங்கண்ணன் பெரிய ஆபீசராமே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று நர்ஸ் அக்கா கேட்டார். சொல்லிவிட்டேன்.

அம்மா நலம். உன்னைத் திட்டக்கூடாது என்று என்னைத் திட்டுகிறாள்.

உன் தங்கை,
வாயாடி

ஜூன் 15

அன்புள்ள வாயாடிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. மூச்சுக் கிடைக்காமல் ஆட்கள் சாகும்போது கூரை வேலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. "உயிர் முதலில், வளர்ச்சி அப்புறம்" என்றார்கள்; தலையாட்டினேன். குளிர்பெட்டியும் உயிர்தான் என்று உனக்குத்தான் சொல்லத் தெரிந்தது. உங்கள் நிலையத்துக்கு மட்டும், சோதனை முயற்சியாக, அனுமதி வாங்கிவிட்டேன். சுற்றறிக்கைப்படி ஆறடி விலகி நில்லுங்கள். வரும் பொருள் எல்லாவற்றிலும் கிருமிநாசினி தெளியுங்கள். கூரையில் கயிறு கட்டிக்கொள். கட்டமாட்டாய் என்றும் தெரியும்.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

குளிர்பெட்டி ஓடுகிறது.

தகட்டின் நீளமே ஆறடி. ஆளுக்கொரு முனை பிடித்தோம். விதி தானாக நிறைவேறியது. மற்ற விதியை நம்பித்தான் மோசம் போனோம். தகடுகளின் முகத்திலும் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்துவிட்டோம். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. உச்சிவெயிலிலும் மின்சாரம் காட்டும் மீட்டர் ஏறவில்லை. தகடே பழுதோ என்று இணைப்புகளை எல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தேன். கீழேயிருந்து நர்ஸ் அக்கா, "ஏன்டி, சூரியனுக்கே மாஸ்க் மாட்டிட்டீங்களா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் நான்கு பெண்களும் மண்டிபோட்டுத் துடைத்தோம். மீட்டர் ஏறியது, அண்ணா.

தடுப்பூசி வந்துவிட்டது. அம்மா வரிசையில் நின்று, முன்னும் பின்னும் இருந்தவர்களிடம் எல்லாம், "என் பொண்ணு ஏத்தின கரண்டு" என்றாளாம்.

கயிறு கட்டிக்கொண்டேன்.

வாயாடி

ஜூலை 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். மாஸ்க் போட்ட சூரியனுக்குச் சிரித்தார்கள். எழுதியது யார் என்று கேட்டார்கள். "என் தங்கைதான்" என்றேன். இத்தனை வருட உத்தியோகத்தில் அவ்வளவு நெஞ்சை நிமிர்த்திப் பேசியதில்லை. நாட்டின் வளர்ச்சி அறிக்கையின் அட்டையில் உங்கள் கூரைதான் வரப்போகிறது.

அண்ணன்

ஆகஸ்ட் 18

அண்ணா,

அறிக்கை வந்தது. அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டோம். பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே, நாடு முழுக்க இப்படித்தான் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து நிலையங்களின் தகடுகள் இன்னும் அதே கிடங்கில். அங்குள்ளவர்கள் ஊசிக்காக இங்கே நடந்து வருகிறார்கள். நேற்று ஒரு நிறைமாதக்காரி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு கூரையைக் காட்டி ஒரு நாட்டையே மூடாதே. மற்றவற்றுக்கும் உத்தரவு போடு.

வாயாடி

செப்டம்பர் 14

அண்ணா,

பதில் இல்லை. நாங்கள் நால்வரும் கயிறோடு தயாராக இருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அட்டையைக் காட்டி, "என் ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்து போட்ட வெளிச்சம்" என்கிறாள். அவள் சொல்லைக் காப்பாற்று.

கிடங்கைத் திறக்கச் சொல்.

உன் தங்கை