இரண்டெழுத்துச் சொல்

1898 ஜனவரி 9, ஞாயிறு

என் பெயர் நிக்கனோர். இதை எழுதுகிற கை என் கைதான். இரவுப் பள்ளியில் கற்றது. இந்த மூன்று வரிக்குள் மெழுகுவத்தி பாதி உருகிவிட்டது. என் மனைவி ஸோய்லா எட்டிப் பார்த்து, "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கலையே" என்கிறாள்.

ஜனவரி 12

கல்லூரியில் கரும்பலகை துடைப்பது என் வேலை. கணிதப் பேராசிரியர் ருபெர்த்தோவின், மரியாதையாகச் சொன்னால் தோன் ருபெர்த்தோவின், பலகை மூலையில் எப்போதும் ஒரு கிறுக்கல் இருக்கும். அது இருந்தால் துடைக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இன்று எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்.' இத்தனை வருடமும் எனக்கு 'தயவுசெய்து' போட்டிருக்கிறார் மனிதர்!

நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டு அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"நிக்கனோர், இனிமே என் தப்பையெல்லாம் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க."

"நீங்க ஸ்பானிஷ்ல விடுற தப்புதான் ஊருக்கே தெரியுமே, தோன் ருபெர்த்தோ."

தொப்பை குலுங்கச் சிரித்தார்.

ஜனவரி 16

ஜெர்மனியில் ருப்ரெக்ட் என்ற சொந்தப் பேரில் எத்தனையோ கட்டுரை எழுதியும் தோன் ருபெர்த்தோவுக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லையாம். ஆறு வருட ஒப்பந்தத்தில் இங்கே சாந்தியாகோவுக்கு வந்தார். முக்கோணம் வரைய ஜெர்மன்காரன்தான் வர வேண்டுமா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. இன்று பாதி நாட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவரிடம் படித்தவர்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் போகவில்லை. பலகையில் ஒரு வளைகோடு இருக்கிறது. அதைப் பற்றிய நிரூபணம் முடிந்ததும் ஊருக்குப் போவேன் என்பார். எப்போது முடியும் என்று கேட்டால், "என்ன அவசரம்? பீச் பழம் இங்கதான் நல்லாருக்கு" என்பார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை.

ஜனவரி 27

பலகை முன்னால் விழுந்துவிட்டார். பக்கவாதம்.

ஜனவரி 31

பேச்சு இல்லை. வலது கை அசையவில்லை. இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டினார். இரண்டே எழுத்து: D, U. சேர்த்தால் 'து'. மிச்சத்தை எழுத முடியவில்லை, பாவம். பரவாயில்லை, நான் முடித்துவிடுவேன். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே.

துராஸ்னோ! பீச் பழம்! சந்தைக்கு ஓடினேன். ஒரு துண்டு தின்றார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

பிப்ரவரி 2

மறுபடியும் 'து'. துல்சேயா? ஸோய்லா காய்ச்சிய பால் இனிப்பைக் கொண்டுபோனேன். இல்லை.

சாக்பீஸால் என் மார்பைத் தொட்டார். நான் போட்டிருந்த கோட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. மார்பு... துவேலே! நெஞ்சு வலிக்கிறது, அதைத்தான் சொல்கிறார். மருத்துவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். தோன் ருபெர்த்தோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணோரம் ஈரம்.

என்னதான் கேட்கிறார்? ஏன் எனக்கு விளங்கவில்லை?

"அந்த ஜெர்மன் மருந்துக்கடைக்காரர்கிட்ட கேளேன்யா" என்றாள் ஸோய்லா. எனக்குப் படிக்கத் தெரியும் என்று கத்திவிட்டேன்.

பிப்ரவரி 5

போய்விட்டார். சிலேட்டில் அதே இரண்டு எழுத்து.

பிப்ரவரி 6

அடக்கம் செய்தோம். மருந்துக்கடை தோன் கொன்ராதோ என் பக்கத்தில் நின்றார். 'து'வில் தொடங்கும் எதை அவர் கேட்டிருப்பார் என்று கேட்டேன்.

"தொடங்கலை, நிக்கனோர். அதுதான் முழுச் சொல்லு. எங்க பாஷையில 'நீ'ன்னு அர்த்தம். விழுந்ததுல அவருக்கு உங்க பாஷை மறந்துபோச்சு."

தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அவர் அதை லேசுல சொல்ற ஆளில்லை. பெத்தவங்க, கூடப்பிறந்தவன்... அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். என்னையே கடைசிவரைக்கும் 'நீங்க'ன்னுதான் கூப்பிட்டார்."

நான் பழம் கொடுத்தேன். இனிப்பு கொடுத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

என் கோட்டில் இருக்கிற வெள்ளைப் புள்ளியைத் தட்டிவிட வேண்டாம் என்று ஸோய்லாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 1

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தாயிற்று. புதுப் பேராசிரியருக்குப் பலகை வேண்டுமாம். முதலில் வளைகோட்டைத் துடைத்தேன். மூலையில் இருந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டு, கடைசியில் அதையும் துடைத்தேன்.

ருபெர்த்தோ, நீ கோபித்துக்கொள்ளாதே.